வண்டி நிற்கும்போது வடக்கு

காம்பஸை உள்ளங்கையில் ஏந்தி
எங்கள் ஆசாரத்தின் நடுவில் நின்றார் ஹேமாவதி மேடம்.
முள் சாய்ந்தது, திரும்பியது, மறுபடி சாய்ந்தது,
எதையோ பார்த்துவிட்ட கோழியின் கழுத்துபோல.

"வெளிய என்னங்க நிக்குது?"
"ரிக்கு வண்டிங்க. ஊட்டுக்காரர் வந்திருக்கார்."
"அத்தனை இரும்பு பக்கத்துல இருந்தா
வடக்கு பொய் சொல்லும்.
அக்கட்டால நிறுத்தச் சொல்லுங்க."

சொல்லலாம்தான்.
சாவி வைத்திருப்பவர் வண்டிக்குள்ளேயே தூங்குகிறார்.
ராய்ப்பூர், பிலாஸ்பூர், பெயர் வாயில் நுழையாத ஊர்கள்,
ஒன்பது மாதம் கேபின் பலகையில் உடம்பை மடித்தவருக்குத்
தேக்குக் கட்டிலில் கால் நீட்டினால் தூக்கம் வருவதில்லை.
இரவு இரண்டு மணிக்குத் தலையணையோடு இறங்கிப் போவார்.
கேட்டுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்.
நான் கேட்காதவள்போல் கிடப்பேன்.

மேடத்தை வரச்சொன்னது நான்தான்.
போன தையில், எழுநூற்றிருபதாவது அடியில்,
ஹேமர் மாட்டிக்கொண்டது.
பிட்டோடு, பதினெட்டு ராடோடு
பாறைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தார்கள்.
தவணை மட்டும் மேலே வந்தது, மாதாமாதம், தவறாமல்.
வீட்டில் ஏதோ ஒரு மூலை சரியில்லை என்று எனக்குப் பட்டது.
அவருக்கு மூலையே தெரியாது.
ஃபேன் போடப் போனால் விளக்கு எரியும்,
விளக்கை அணைக்கப் போனால் மோட்டார் ஓடும்.

கட்டிலைப் பார்த்த கண்ணாடி ஆகாது என்றார் மேடம்.
பொடக்காணிக் கதவு சாத்தியே இருக்கோணும்.
கட்டில் தென்மேற்குக்கு.
வடகிழக்கில் தண்ணீர், கொஞ்சமாய், ஓடுகிற தண்ணீர்.
படுக்கையறையில் ஒரு ஜோடி வாத்து.
வாத்து எண்ணூறு ரூபாய். அவர் பையிலேயே இருந்தது.

"தண்ணி வடகிழக்குலதான் இருக்கோணுமா?"
சோற்றுக்கு ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார் இவர்.
ஆயிரம் குழி போட்ட மனுசன்.
தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில்
வெறும் புகை மட்டும் வந்ததைப் பார்த்தவர்.
யாரும் பொருட்டாய் நினைக்காத குப்பைமேட்டோரம்
பனை உயரத்துக்குச் சேறும் தண்ணீரும் பீறிட,
அதில் சட்டையோடு நனைந்தவர்.
"இருந்தா நல்லதுங்களாம்" என்றேன்.
அதற்குமேல் பேசவில்லை.
கை கழுவிவிட்டு வந்து கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தார்.
"நீ அந்தப் பக்கம் புடி."

நகர்ந்த இடத்தில் தரை வேறு நிறமாய் இருந்தது.
காலாவதியான மாத்திரை அட்டை ஒன்று,
என் கொண்டை ஊசி மூன்று,
அப்புறம் ஒரு பன்னிரண்டு பதிமூணு ஸ்பேனர்.
"இங்கியா கெடந்துச்சு" என்றார்.
ஒரு வருசமாய் அதைச் சத்தீஸ்கர் முழுக்கத் தேடியிருக்கிறார்.

அன்றிரவும் இரண்டு மணிக்குத் தாழ்ப்பாள் சத்தம்.
மூன்று மணிக்கு மறுபடி.
"கொசு" என்றார்,
நான் ஒன்றும் கேட்காமலேயே.

ஆயுத பூசை முடிந்து பூசணிக்காய் உடைத்தோம்.
சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை நசுங்கியது.
பையன்கள் மேலே ஏறிக்கொண்டார்கள்.
செங்கோட்டு மலை பின்னால் போக வண்டி போனது.
கேட்டருகே சிமெண்டில் ஆயில் கறை,
நெல்லிக்காய் அளவில் நாலைந்து.

மறுவாரம் மேடம் வந்தார்.
முள் ஆணி அடித்ததுபோல் நின்றது.
"பாருங்க, இப்பத்தான் ஊடு அமைதியா இருக்குது."
"ஆமாங்க."
ஃபிரிட்ஜ் ஓடி நிற்பதுகூடக் கேட்டது.

படுக்கையறைக்குள் போனவர் பதறிப்போய் வெளியே வந்தார்.
"ஜோடியைப் பிரிக்கவே கூடாதுங்களே,
இன்னொரு வாத்து எங்க?"

நேற்று ராத்திரி போனில் ஒரு படம் வந்திருந்தது.
ஸ்டீயரிங்குக்கு மேலே,
காய்ந்த மாலைக்கும் பழைய எலுமிச்சைக்கும் நடுவில்,
டேப் வைத்து ஒட்டி,
மூக்கெல்லாம் பாறைத் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது.

"வடக்க போயிருக்குதுங்க" என்றேன்.